பானைத் தண்ணீரும் கடற்காற்றும்: கோடைக் கேள்வி-பதில்

கத்திரி வெயில் வந்தாலே சென்னையை விட்டு ஓடிவிடத் தோன்றுகிறது. உங்களுக்குத் தோன்றாதா?
– வாசகர், பெரம்பூர்

தோன்றாது. நானும் ஓடிவிட்டால் தெருமுனையில் இறங்கும் நுங்கை யார் தின்பது? மாம்பழக் கூடை வாசலுக்கு வருவதும், மல்லிகை மலிவாவதும், மொட்டை மாடியில் பாய் விரிப்பதும் இந்த மாதங்களில்தான். சென்னை வெயிலோடு மல்லுக்கட்டக் கூடாது, நேரம் பார்த்துப் பழக வேண்டும். விடியற்காலை ஐந்தரையிலிருந்து ஒன்பதரை வரை ஊர் உங்களுடையது. அப்புறம் மாலை நாலரை வரை வீடு உங்களுடையது. நாலரைக்கு மேல் மறுபடியும் ஊர். இந்தக் கணக்கு கைவந்துவிட்டால் மே மாதத்தில் பாதி இனித்துவிடும். மீதிப் பாதிக்கு நீர்மோர் இருக்கிறது.

சில நாள் பதினோரு மணிக்கே கடற்காற்று வந்துவிடுகிறது. சில நாள் மூன்று மணி வரை மூச்சு முட்டுகிறது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?
– வாசகி, ராயபுரம்

உண்டு. உங்கள் வீட்டுக் கொடிக்கயிறுதான் கருவி. வெயில் ஏற ஏற நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். நிலத்து மேல் இருக்கும் காற்று சூட்டில் லேசாகி மேலே போக, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வந்து சேரும். ஆனால் மே கடைசியிலும் ஜூனிலும் மேற்கிலிருந்து உலர்ந்த காற்று பலமாக வீசும் நாட்களில், அது கடற்காற்றை ஊருக்குள் விடாமல் கரையோடு நிறுத்திவிடும். ஆகவே காலை எட்டு மணிக்கே புடவை கடல் பக்கமாகப் பறந்தால், அன்றைக்கு வெளியே போகும் வேலையைத் தள்ளிப்போடுங்கள். துணி அசையாமல் தொங்கினால், மதியத்துக்குள் காற்று திரும்ப நல்ல வாய்ப்பு.

நம் முன்னோர் காற்றுக்குத் திசை பார்த்துப் பெயர் வைத்தார்கள். வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. மேல்காற்றுக்கும் வெயில் காலத்துக்கும் ஒரே பெயர். கொடியில் துணி காயப்போட்ட யாரோதான் அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

மண்பானை வாங்கினேன். தண்ணீர் குளிரவே இல்லை. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், கொளத்தூர்

பானையை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லையே! அடுப்புப் பக்கத்து மூலையில் என்றால் குளிராது. பானையின் உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அவற்றின் வழியே கசியும் நீர் வெளிப்பக்கம் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் நீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. காற்று படாத இடத்தில் ஆவியாவது எப்படி? ஜன்னலோரம், நிழலில், ஈர மணல் பரப்பி அதன் மேல் வையுங்கள். வெளிப்பக்கம் பெயின்ட் அடித்த பானை அழகாக இருக்கும், ஆனால் துளைகள் அடைபட்டுவிடும். சோப்புப் போட்டுத் தேய்ப்பதும் கூடாது, தேங்காய் நார் போதும். புதுப் பானை என்றால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புழுக்கம் மிகுந்த நாளில் காற்றே ஈரமாக இருப்பதால் பானையும் திணறும். அது பானையின் குற்றமில்லை. இரவில் நிரப்பி, வாயை மெல்லிய துணியால் மூடிவிட்டுக் காலையில் குடித்துப் பாருங்கள். ஒரு கொத்து வெட்டிவேரை அலசி உள்ளே போட்டீர்கள் என்றால், அடுத்த வாரம் நன்றி சொல்லிக் கடிதம் எழுதுவீர்கள்.

ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் சென்னையில் ஐஸ் கிடைத்திருக்குமா?
– ஏழாம் வகுப்பு மாணவி, திருவல்லிக்கேணி

கிடைத்தது, கண்ணு. அதுவும் உன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில். பஸ்ஸில் கண்டக்டர் ‘ஐஸ் ஹவுஸ்’ என்று குரல் கொடுக்கிறாரே, அந்தப் பெயர் சும்மா வரவில்லை. கடற்கரைச் சாலையில் வட்ட முகப்போடு நிற்கும் விவேகானந்தர் இல்லம்தான் அந்த ஐஸ் வீடு.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வியாபாரி பிரெடரிக் டியூடர். அங்கே குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துபோகும். அந்தப் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் புதைத்துக் கப்பலில் ஏற்றினார். சூயஸ் கால்வாய் வெட்டாத காலம். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் கடலில் வர வேண்டும். வழியில் உருகியது போக மிஞ்சியதைச் சேர்த்துவைக்கத்தான் 1842-ல் இந்தக் கட்டடம். சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், சரக்கெல்லாம் மசூலா படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வரும். உச்சி வெயிலில் படகு நிறையப் பனிக்கட்டி வந்து இறங்குவதை நினைத்துப் பார்! நீராவி இயந்திரத்தால் உள்ளூரிலேயே ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் டியூடர் கட்டிய ஐஸ் வீடுகள் இன்று இல்லை. நம்முடையது மட்டும் நிற்கிறது.

அதற்குப் பிறகு பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் அதை வாங்கினார். 1897 பிப்ரவரியில் மேல்நாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள் அங்கே தங்கினார். பின்னாளில் சகோதரி சுப்புலட்சுமி, சின்ன வயதிலேயே கணவரை இழந்த பெண்பிள்ளைகளை அங்கே வைத்துப் படிக்கவைத்தார். எனக்கு அந்தக் கட்டடத்தின் மூன்று கதைகளில் இதுதான் மிகவும் பிடித்தது. சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வா. திரும்பும்போது ஒரு குச்சி ஐஸ் வாங்கித் தரச் சொல். நான் சொன்னதாகவே சொல்.

விடுமுறை முழுக்கப் பையன் செல்போனும் கையுமாக இருக்கிறான். பிடுங்கினால் அழுகிறான். என்ன செய்வது?
– ஓர் அம்மா, அம்பத்தூர்

பிடுங்காதீர்கள். அதைவிட ருசியான வேலை ஒன்றைக் கையில் கொடுங்கள். உங்கள் வீட்டு மொட்டை மாடியிலேயே ஒரு அதிசயம் நடக்கிறது. வருடத்தில் இரண்டு நாள் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வந்து நிற்கும். ஒன்று ஏப்ரல் 24-ஐ ஒட்டி, இன்னொன்று ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி. அன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குச் சில நிமிடம் கழித்து, நட்டமாக நிற்கும் எந்தப் பொருளுக்கும் பக்கத்தில் நிழல் விழாது.

ஒரு வாரம் முன்பிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். காலி ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தரையில் நேராக நிறுத்தி, தினமும் பன்னிரண்டு மணியிலிருந்து பத்து நிமிடத்துக்கு நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறிக்கட்டும். நாளுக்கு நாள் குட்டை நிழல் இன்னும் குட்டையாகும். ஒரு நாள் பாட்டிலுக்கு அடியிலேயே போய் ஒளிந்துகொள்ளும். அந்த நிமிடத்தில் அவன் தன் காலடியையும் பார்ப்பான். தன் நிழல் தன் செருப்புக்குள் அடங்கிவிட்டதைப் பார்த்த பிள்ளை அதை மறக்கவே மாட்டான். தொப்பியும் தண்ணீரும் கொடுத்து அனுப்புங்கள், நீங்களும் கூடப் போங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஏப்ரல் தவறிவிட்டதென்றால் ஆகஸ்ட் இருக்கிறது.

மே மாதத்துக்கு வேறு வேலை உண்டு. வடாம் காவல். அடுத்த பதிலைப் பாருங்கள்.

அம்மா போடும் ஜவ்வரிசி வடாம் கண்ணாடி போல இருக்கும். எனக்கு ஒன்று விரிசல் விடுகிறது, இல்லாவிட்டால் துணியோடு ஒட்டிக்கொள்கிறது.
– வாசகி, வேளச்சேரி

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் கை பெருங்காயம் மணத்தது. விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு கப் ஜவ்வரிசியை முதல் நாள் இரவே ஊறவையுங்கள். காலையில் ஆறு கப் தண்ணீர் கொதித்ததும் போட்டு, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். மணியின் நடுவில் வெள்ளைப் புள்ளி மறையும் வரை வேக வேண்டும். பச்சை மிளகாயும் உப்பும் அரைத்து ஊற்றி, பெருங்காயம் சேர்த்து இறக்குங்கள். உப்பைக் கொஞ்சம் குறைத்தே போட வேண்டும், காய்ந்தால் கரிக்கும். ஆறிய பிறகு எலுமிச்சைச் சாறு. கரண்டியைச் சாய்த்தால் கூழ் தயங்கித் தயங்கி விழ வேண்டும். தண்ணீராக ஓடினால் வடாம் காகிதம் போலக் காய்ந்து விரியும். கட்டியாக இருந்தால் வெளியே காய்ந்து நடுவில் ஈரம் நிற்கும், டப்பாவில் பூசணம் பிடிக்கும். உங்கள் விரிசலுக்குக் காரணம் தண்ணீர் கூடியதுதான் என்று நினைக்கிறேன்.

பழைய பருத்தி வேட்டியை நனைத்துப் பிழிந்து மாடியில் விரியுங்கள். நான்கு முனையிலும் செங்கல். ஏழு மணிக்குள் ஊற்றி முடித்துவிட வேண்டும், அதற்கு மேல் தரை காலைச் சுடும். ஒவ்வொரு கரண்டியையும் நடுவில் விட்டு, கரண்டியின் முதுகால் ஒரே சுற்று. மறுபடி தொடக் கூடாது. பத்து மணிக்குப் பார்த்தால் ஓரம் மட்டும் கண்ணாடியாகி, நடுவில் ஜவ்வரிசி மணிகள் முத்து முத்தாகத் தெரியும். மாலையில் வேட்டியை மடித்து எடுத்து வந்து, திருப்பிப்போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து இரண்டு நிமிடம் விடுங்கள். அப்புறம் உரித்தால் ஒட்டவே ஒட்டாது. உரித்ததைத் தட்டில் பரப்பி இன்னும் இரண்டு வெயில் காட்டுங்கள். ஒடித்தால் ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும்.

அரைகுறையாகக் காய்ந்த வடாமை வேட்டியோடு பிய்த்துத் தின்பது பிள்ளைகளின் உரிமை. காக்கை விரட்டும் கூலி அதுதான். தடுக்காதீர்கள்.

நுங்கைத் தோலோடு சாப்பிடுவதா, உரித்தா?
– வாசகர், தாம்பரம்

இளநுங்கு என்றால் அப்படியே. தோல் லேசாகத் துவர்க்கும், அந்தத் துவர்ப்பும் சேர்ந்துதான் ருசி. கொஞ்சம் முற்றியிருந்தால் உரியுங்கள். விரலால் அழுத்திப் பார்த்து மெத்தென்று இருப்பதை வாங்க வேண்டும், கெட்டியானது வயிற்றை வலிக்கச் செய்யும். வெட்டிக் கொடுக்கும்போதே அங்கேயே நின்று, காயின் கண்ணுக்குள் கட்டைவிரலை விட்டுத் தோண்டி உறிஞ்சுவதற்கு நிகர் எந்தக் கிண்ணமும் கிடையாது. சட்டையில் சொட்டும், சொட்டட்டும்.

காலியான பனங்காய் இரண்டை வீட்டுக்குக் கேட்டு வாங்கி வாருங்கள். நடுவே ஒரு குச்சியைக் குறுக்கே செருகி, நீளமான கவட்டைக் குச்சியால் தள்ளினால் நுங்கு வண்டி. காசு கொடுத்து வாங்கும் எந்த வண்டிக்கும் இந்தச் சத்தம் வராது.

கார்பைடு பயத்தில் மாம்பழம் வாங்குவதையே விட்டுவிட்டோம்.
– வாசகி, மாதவரம்

விடாதீர்கள், நன்றாக விளைந்த காயாக வாங்குங்கள். காம்புப் பக்கம் தோள் உப்பி, மூக்கு நிரம்பியிருப்பது விளைந்த காய். அதை வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ புதைத்துவிடுங்கள். காய் தானே வெளிவிடும் எத்திலீன் வாயு அங்கேயே தங்கிப் பழுக்கவைக்கும். ஒரு பழுத்த வாழைப்பழத்தைக் கூட வைத்தால் இன்னும் சீக்கிரம். கால்சியம் கார்பைடு போட்டுப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. அப்படிப் பழுத்தது வெளியே ஒரே சீராக மஞ்சளாக இருக்கும், அறுத்தால் உள்ளே புளிக்கும், மணமும் இருக்காது. அரிசிப் பானையில் வைத்த மாம்பழம் ‘நான் தயார்’ என்று மணத்தாலேயே சொல்லும். ஒரு நாள் காலை சமையலறைக்குள் நுழையும்போதே தெரிந்துவிடும்.

இமாம்பசந்தா, மல்கோவாவா?
– வாசகர், அயனாவரம்

இமாம்பசந்த். மல்கோவாக்காரர்களோடு சமாதானமாகப் போகவும் தயார், அவர்கள் ஒரு பழம் கொண்டு வந்தால்.

கரூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறோம். இரண்டு நாள்தான். பத்து இடம் பார்க்க வேண்டும். வரிசைப்படுத்தித் தருவீர்களா?
– வாசகர், கரூர்

நான்கு இடம் தருகிறேன். பத்து இடத்துக்குப் போனால் பத்து வாகன நிறுத்தத்தைப் பார்ப்பீர்கள்.

முதல் நாள் விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் மெரினா. நம் கடல் கிழக்கே இருப்பதால் சூரியன் தண்ணீரிலிருந்தே எழும். உழைப்பாளர் சிலையை அந்த நேரத்து வெளிச்சத்தில் பாருங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-ல் நிறுவியது. நான்கு பேர் பாறையைப் புரட்டுகிறார்கள். ஒவ்வொருவர் முதுகும் வேறு வேறு மாதிரி முறுக்கேறியிருக்கும். வெயில் சாய்வாக விழும் நேரத்தில்தான் அது கண்ணில் படும். பிறகு இட்லி. ஒன்பதரை மணிக்கு எழும்பூர் மியூசியம். வெள்ளிக்கிழமை விடுமுறை, வேறு நாளாகப் பார்த்து வாருங்கள். மதியம் தங்கும் இடத்தில் தூங்குங்கள். தூக்கமும் சுற்றுலாவில் சேர்த்திதான். ஐந்து மணிக்கு மயிலாப்பூர். கபாலீசுவரர் கோயில், குளம், மாட வீதிகள், பூக்கடைகள், காளத்தி கடை ரோஸ் மில்க்.

இரண்டாம் நாளை வண்டலூருக்கு ஒதுக்குங்கள். செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். காலை திறந்ததும் உள்ளே போய்விட வேண்டும், மிருகங்களும் வெயிலேறினால் நிழல் தேடிப் படுத்துவிடும். பிள்ளைகளிடம் ஒரு கதை சொல்லலாம். 1855-ல் எட்வர்ட் பால்ஃபர் எழும்பூர் மியூசிய வளாகத்தில் தொடங்கியதுதான் இந்த மிருகக்காட்சிசாலை. அப்புறம் சென்ட்ரல் பக்கத்தில் இருந்தது. 1985-ல் இருந்து வண்டலூரில் மக்கள் பார்க்கிறார்கள். முதல் நாள் நீங்கள் பார்த்த மியூசிய வளாகத்தில் ஒரு காலத்தில் புலி உறுமியிருக்கிறது.

எழும்பூர் மியூசியத்தை ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டோம். எதற்காக இவ்வளவு பெருமை பேசுகிறார்கள்?
– வாசகர், வில்லிவாக்கம்

ஒரே ஒரு சிலைக்காக மறுபடியும் போங்கள். 1851-ல் தொடங்கிய மியூசியம் அது. திமிங்கல எலும்புக்கூடு உண்டு, ஆந்திரத்து அமராவதியிலிருந்து வந்த புத்த சிற்பங்கள் உண்டு. அவற்றையெல்லாம் இந்த முறை விட்டுவிடுங்கள். நேரே வெண்கலச் சிலைகளுக்குப் போய், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரைக் கேளுங்கள். சோழர் காலம்.

எதிரே நின்று முதலில் கைகளை எண்ணுங்கள். மூன்று. சிவன் பக்கம் இரண்டு, தேவி பக்கம் ஒன்று. அப்புறம் தோளிலிருந்து இடுப்புக்குக் கண்ணை இறக்குங்கள். சிலையின் வலப்பக்கம் ஆணின் இடுப்பு நேராக இறங்குகிறது. இடப்பக்கம் பெண்ணின் இடுப்பு வளைந்து வெளியே வருகிறது. ஒரே உடம்பில் இரண்டு கோடு, ஆனால் எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று உங்களால் சொல்ல முடியாது. மெழுகில் வடித்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, மண்ணை உடைத்து எடுத்தது. அச்சு உடைந்துபோகும், ஆகவே இன்னொன்று அதே போல வராது. அந்தக் கைக்காரரின் பெயர் எங்கேயும் எழுதியில்லை. பத்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள், ‘முடித்துவிட்டோம்’ என்ற சொல்லை நீங்களே வாபஸ் வாங்குவீர்கள்.

கடலில் குளிக்கலாமா?
– கல்லூரி மாணவர், ஈரோடு

கூடாது, தம்பி. கால் நனையுங்கள், கணுக்காலோடு திரும்பிவிடுங்கள். மெரினாவில் தரை சட்டென்று ஆழமாகும், அடியில் இழுவையும் உண்டு. ஆற்றில் கிணற்றில் கற்ற நீச்சல் அங்கே உதவாது. வருடாவருடம் கோடையில் வெளியூர்ப் பிள்ளைகளைத்தான் அந்த அலை கொண்டுபோகிறது. நண்பர்கள் உசுப்பினாலும் போகாதீர்கள்.

மெரினாவில் சாலையிலிருந்து அலைக்குப் போவதற்குள் கால் சுட்டுவிடுகிறது. எதற்கு இவ்வளவு மணல்?
– வாசகி, திருநின்றவூர்

துறைமுகம் தந்த மணல் அது. நம் கரையோரம் கடல் நீரோட்டம் மணலைப் பெரும்பாலும் வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்தின் சுவர்கள் எழும்பியதும் மணல் தெற்கே தடுக்கப்பட்டுச் சேர ஆரம்பித்தது. அதற்கு முன் அலை சாலைக்கு வெகு அருகில் அடித்தது. கவர்னர் கிராண்ட் டஃப் 1884-ல் நடைபாதை அமைத்து ‘மெரினா’ என்று பெயரிட்டார். இங்கே சேர்ந்த மணல் வடக்கே போய்ச் சேர வேண்டிய மணல். அதனால்தான் ராயபுரத்துக்கு வடக்கே கடல் கரையைத் தின்றது, மீனவர் வீடுகளையும் தின்றது. மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் தின்னும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

கால் சுடாமல் இருக்க மாலை ஐந்துக்கு மேல் போங்கள்.

அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. முழங்கால் தேய்மானம். கடலில் கால் நனைத்துப் பல வருடம் ஆகிறது என்கிறார். மணலில் நடக்க முடியாது. என்ன வழி?
– மகன், சேலையூர்

இந்த வாரக் கடிதங்களில் உங்களுடையதைத்தான் இரண்டு முறை படித்தேன். வழி இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிர்ப்புறம் மணலின் மேல் மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். 2022-ல் திறந்தது. சக்கர நாற்காலி கடலுக்குப் பக்கம் வரை போகும். வேலை நாளில், மாலை ஐந்து மணிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஞாயிறு வேண்டாம், கூட்டம் நெரியும். ஒரு மடக்கு நாற்காலி, ஒரு துண்டு, மாற்றிக் கட்ட ஒரு புடவை எடுத்துக்கொள்ளுங்கள். பாதை முடியும் இடத்திலிருந்து அலை வரை கொஞ்ச தூரம் இருக்கும், இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டால் போதும். முடியவில்லை என்றால் ஒரு குடத்தில் கடல் தண்ணீர் மொண்டு வந்து நாற்காலியில் இருப்பவர் காலில் ஊற்றுங்கள். அதுவும் அதே கடல்தான். புடவை நனைந்தால் கோபிக்காதீர்கள்.

கலங்கரை விளக்கத்தில் ஏறலாமா?
– வாசகர், மேற்கு மாம்பலம்

ஏறலாம், லிஃப்ட் இருக்கிறது. கடைசியில் கொஞ்சம் படி மட்டும் ஏற வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை. இப்போதுள்ள விளக்கம் 1977-ல் வந்தது. அதற்கு முன் 1894-லிருந்து உயர்நீதிமன்றத்தின் உச்சிக் கோபுரத்தில்தான் விளக்கு எரிந்தது. வழக்குக்கு வந்தவருக்கும் கப்பலில் வந்தவருக்கும் ஒரே கட்டடம். மேலே போனால் கடலைப் பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள், ஊர்ப்பக்கம் திரும்புங்கள். சென்னையில் இத்தனை மரம் இருப்பது அங்கிருந்துதான் தெரியும்.

கையில் நூறு ரூபாய். சரித்திரம் பிடிக்கும். அரை நாள் இருக்கிறது.
– கல்லூரி மாணவி, ஆவடி

நூறில் பாதி மிஞ்சும். சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் ஏறினால் பெண்களுக்கு டிக்கெட்டே இல்லை. காலையில் கோட்டைக்குப் போ. தலைமைச் செயலகம் அங்கே இருப்பதால் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள். கம்பெனிக்காரர்கள் 1640-ல் தொடங்கிய கோட்டை அது. உள்ளே 1680-ல் எழுந்த புனித மேரி தேவாலயம். ராபர்ட் கிளைவுக்கு 1753-ல் கல்யாணம் நடந்த இடம். சுற்றிலும் தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்களைப் படி. எத்தனை பேர் இருபது வயதிலும் முப்பது வயதிலும் போயிருக்கிறார்கள் என்று பார்த்தால், நம் வெயிலும் காய்ச்சலும் அவர்களை என்ன செய்தன என்று புரியும்.

அங்கிருந்து பாரிமுனையைத் தாண்டி அரண்மனைக்காரத் தெரு, அதாவது அர்மேனியன் தெரு. 1772-ல் கட்டிய அர்மேனியத் தேவாலயம் அங்கே. தெருவில் காது அடைக்கும் இரைச்சல். வாசலைத் தாண்டினால் மரநிழல், கல் தரை, அமைதி. ஒரு காலத்தில் பட்டும் ரத்தினமும் விற்ற அர்மேனிய வணிகர்கள் தங்கள் எழுத்திலேயே கல்லறைக் கற்கள் வெட்டி வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிடு. மிச்சக் காசுக்கு ஒரு கரும்புச்சாறு, ஐஸ் இல்லாமல்.

ஏசி வாங்க வசதியில்லை. மதியம் படிக்க முடியவில்லை. தேர்வு வருகிறது.
– மாணவர், சூளைமேடு

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் உங்களுக்காகத்தான் திறந்திருக்கிறது. 2010-ல் கட்டியது, கட்டணம் இல்லை, குளிர்சாதனம் உண்டு. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது. காலையிலேயே போய் இடம் பிடியுங்கள், தேர்வுக் காலத்தில் நாற்காலி கிடைப்பது அரிது. தம்பி தங்கை இருந்தால் அழைத்துப் போங்கள், குழந்தைகள் பகுதியில் அவர்களும் நிம்மதியாக இருப்பார்கள். தேர்வில் நல்லபடி எழுதுங்கள்.

மொட்டை மாடியில் படுக்க ஆசை. தரை நள்ளிரவு வரை அனலாய்க் கொதிக்கிறது.
– வாசகர், வியாசர்பாடி

பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் இரவில் அதைத் திருப்பிக் கொடுக்கிறது. சூரியன் சாய்ந்ததும் ஆறு மணிக்கு ஒரு முறை, எட்டு மணிக்கு ஒரு முறை தண்ணீர் தெளியுங்கள். குடிதண்ணீர் வேண்டாம். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைப் பகலெல்லாம் வாளியில் பிடித்து வையுங்கள், அது போதும். ஒன்பதரைக்குக் கோரைப்பாய். தலைமாட்டில் பானைத் தண்ணீர், ஒரு சொம்பு. தென்கிழக்கிலிருந்து காற்று வரும் பக்கமாகத் தலை வையுங்கள். பக்கத்து மாடியில் யார் பேசினாலும் காதில் விழும், விழட்டும். பாதி ஊர்க்கதை எனக்கு அப்படித்தான் தெரியும்.

வெயிலில் வரும் விருந்தாளிக்கு என்ன கொடுப்பது? பாட்டில் பானம் வேண்டாம் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம்.
– வாசகி, போரூர்

நல்ல முடிவு. பெரியவர்களுக்கு நீர்மோர். கறிவேப்பிலை, இஞ்சி, கொஞ்சம் பச்சை மிளகாய், உப்பு, பெருங்காயம். குழந்தைகளுக்குப் பானகம். வெல்லம் கரைத்து வடிகட்டி, சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை. இரண்டும் பானையில் வைத்த குளிர்ச்சியே போதும். வந்தவர் உட்கார்ந்து வியர்வை துடைத்த பிறகு கொடுங்கள். இரண்டாவது டம்ளரைக் கேட்காமலே நீட்டுங்கள்.

மழை எப்போது வரும்?
– வாசகர், மணலி

நம் ஊருக்குப் பெருமழை அக்டோபருக்கு மேல்தான், வடகிழக்குப் பருவக்காற்றோடு. ஆனால் ஜூனிலும் ஜூலையிலும் சில நாள் சாயங்காலம் மேற்கே வானம் கறுக்கும். இடி முதலில் திருவள்ளூர்ப் பக்கம் கேட்கும். அப்புறம் புழுதியோடு ஒரு காற்று. அதற்கும் முதல் தூறலுக்கும் நடுவே பத்து நிமிடம்கூட இருக்காது. போன வருடம் அந்தப் பத்து நிமிடத்தை நான் மேகத்தை ரசித்துக்கொண்டே கழித்துவிட்டேன், இரண்டு வேட்டி வடாம் கூழாகத் திரும்பிப் போனது. நீங்கள் முதலில் வடாமை எடுத்துவிடுங்கள்.